ஏவாரம் தெரிந்தவர் பாதி சீசனில் விற்கமாட்டார்

கோயமுத்தூரில் சென்னை சிட்டி கால்பந்து கிளப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் தவறாமல் வந்து விழும் பதில் ஒன்று உண்டு. "கிளப்புங்கறது ஏவாரமுங்க. வெல வந்தா விப்பாங்க. அதுக்குப் போய் கோவிச்சுக்கிட்டா ஆகுமா?" மில் வைத்திருப்பவர் சொல்கிறார், பம்ப் கம்பெனியில் மேனேஜராக இருப்பவர் சொல்கிறார். விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர்களும் கொஞ்சம் இங்கிலீஷ் தூவி இதையேதான் சொல்கிறார்கள்.

2020 ஜனவரியில், ஐ-லீக் சீசன் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, நடப்புச் சாம்பியன் சென்னை சிட்டியின் முதல் ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா கிளப்புக்குப் போனார். அதே சீசனில் எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் இங்கிருந்து போய் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணியான சென்னையின் எஃப்.சி.யில் சேர்ந்தார். கோவை நேரு ஸ்டேடியம் கேலரிக்கு மாலை மாலையாக வந்துகொண்டிருந்தவர்கள் கொதித்தார்கள். அவர்களுக்கு, விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல, மேற்படி ஏவாரப் பாடம் நடத்தப்பட்டது. இன்றைக்கும் நடத்தப்படுகிறது.

அந்தப் பாடத்தில் பிழை இருக்கிறது. பாசம், மண், ஊர்ப்பெருமை எதையும் உள்ளே இழுக்காமல், வெறும் ஏவாரக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தாலே பிழை இருக்கிறது. உலகத்துக்கே மோட்டாரும் பனியனும் விற்கிற கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, இதை ஏவாரம் என்று சொல்ல எப்படி மனது வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

முதலில், போனது எப்பேர்ப்பட்ட அணியிலிருந்து என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். சென்னை சிட்டி 1946-ல் தொடங்கிய பழைய கிளப். 2016-17-ல் நேரடி நுழைவு பெற்று ஐ-லீகுக்குள் வந்தது. முதல் சீசன் சென்னையில். அடுத்த சீசனிலிருந்து சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். பெயரில் சென்னை, ஆட்டம் கோயமுத்தூரில். இந்த ஊரில் சென்னையின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்த வைப்பது லேசுப்பட்ட காரியமா? அதையும் செய்து காட்டினார்கள். முதல் இரண்டு சீசனும் பட்டியலின் அடிப்பாகத்தில் தத்தளித்த அணி, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச்சாக இருந்த 2018-19-ல் கோப்பையையே தூக்கியது.

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம் இங்கே, மினர்வா பஞ்சாபுடன். ஒரே புள்ளி பின்னால் நிற்கும் ஈஸ்ட் பெங்காலுக்கு அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆட்டம். நம்மவர்கள் ஜெயித்தால் அங்கே என்ன நடந்தாலும் கவலையில்லை. ஆனால் தொடக்கத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. நேரு ஸ்டேடியம் கால்பந்துக்கென்றே கட்டியதில்லை. ஓட்டப்பாதை நடுவில் புகுந்து கேலரியையும் புல்லையும் பிரித்து வைத்திருக்கும். பின்வரிசையில் இருப்பவருக்கு முகம் தெரியாது, ஓடுகிற விதத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதி பேர் மைதானத்தையும் பாதி பேர் கோழிக்கோட்டு ஸ்கோருக்காக செல்போனையும் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. மான்ஸி அடித்தார், சமம். பிறகு கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. அதாவது இங்கே டிரா ஆகியிருந்தால்கூட முதலிடம் நழுவியிருக்கும். 43 புள்ளிக்கு 42. ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது, அதுவும் தலைநகருக்கு வராமல் கோயமுத்தூருக்கு. மான்ஸிக்கு அந்த சீசனில் 21 கோல்; சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவுடன் அதிக கோல் அடித்தவர் பெருமையைப் பகிர்ந்துகொண்டார்.

பத்து மாதம் கழித்து, கோப்பையைக் காக்க வேண்டிய சீசனின் நடுவில், அந்த 21 கோல் விமானம் ஏறியது.

இப்போது ஏவாரத்துக்கு வருவோம். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட்டர் ஷிப்மென்ட் தேதி குறித்து ஆர்டர் எடுத்திருக்கிறார். பாதித் துணி ஓடியாயிற்று. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "உங்க நிட்டிங் மெஷினுக்கு நல்ல விலை தர்றேன்" என்கிறார். விற்பாரா? விலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆர்டர் முடியட்டும் என்பார். விற்றே தீரவேண்டுமென்றால் அதே வேலையை அதே தரத்தில் முடித்துத் தர ஜாப் ஒர்க்குக்கு இன்னோர் இடத்தைப் பிடித்துவிட்டுத்தான் மெஷினில் கை வைப்பார். ஏனென்றால் பையரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். மெஷின் விற்ற காசு ஒருமுறை வரும்; வாக்குத் தப்பினால் பையர் திரும்ப வரமாட்டார். எழுத்தில் இல்லாத வாக்குக்கே லட்சக்கணக்கில் சரக்கு நகர்கிற ஊர் இது. இங்கே அதற்கு நாணயம் என்று பெயர். நாணயம் போனவனைப் பார்த்து "அவன் ஏவாரி, அப்படித்தான் செய்வான்" என்று இந்த ஊரில் யாரும் சமாதானம் சொன்னதில்லை. "அவனோட சேர்க்கை வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

சீசன் என்பது ஓர் ஆர்டர். இன்னின்ன அணி, இத்தனை ஆட்டம், கடைசியில் ஒரு பட்டியல் என்று தொடங்கும்போதே கிளப் ஒப்புக்கொள்கிறது. ரசிகன் தன் பங்குக்குக் காசு, நேரம், தொண்டை மூன்றையும் முன்பணமாக வைக்கிறான். பதினோரு அணி ஆடிய 2019-20 ஐ-லீகில், டிசம்பரில் சென்னை சிட்டியைச் சந்தித்த அணி ஒன்றைச் சந்தித்தது. பிப்ரவரியில் சந்தித்த அணி வேறொன்றைச் சந்தித்தது. சட்டை ஒன்று, ஆள் வேறு. இதில் ஏமாந்தது கோவை ரசிகன் மட்டும் என்று நினைப்பவர்கள் லீக் என்றால் என்னவென்று யோசிக்கவில்லை. மான்ஸியை எதிர்கொண்டு தோற்றவனுக்கும் மான்ஸி இல்லாத அணியிடம் ஜெயித்தவனுக்கும் ஒரே பட்டியலில் புள்ளி போடுகிறோம்.

இது நான் கண்டுபிடித்த நியாயம் கிடையாது. ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளிலேயே, ஒப்பந்தத்தை சீசன் நடுவில் ஒருதலைப்பட்சமாக முறிக்கக் கூடாது என்று இருக்கிறது. வீரர் ஒரு சீசனில் இரண்டு கிளப்புக்கு மேல் ஆடக்கூடாது என்று பொதுவிதி இருக்கிறது. சீசன் நடுவே வரும் ஜனவரி மாற்ற விண்டோ, சீசன் தொடங்குமுன் வருவதைவிடக் குறுகியதாக வைக்கப்பட்டிருக்கிறது. இத்தனை வேலி எதற்கு? பாதியில் ஆள் மாறினால் போட்டிக்கே கேடு என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் விற்கலாம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள், சரி. சட்டப்படி செல்லும் என்பதற்காக ஒன்று நல்ல ஏவாரம் ஆகிவிடுமா? செல்லும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நெஸ்டர் கோர்டில்லோவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018-19 கோப்பையில் மான்ஸிக்குச் சமமான பங்கு இந்த ஸ்பெயின்காரருக்கும் உண்டு. சென்னை சிட்டியுடன் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே வேறொரு ஐ.எஸ்.எல். அணியுடன் கையெழுத்துப் போட்டார் என்று கிளப் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிடம் முறையிட்டது. முறையீடு நியாயமானது. கோர்டில்லோவுக்கு நான்கு மாதத் தடை விழுந்தது. கேலரியும் அப்போது கிளப் பக்கம்தான் நின்றது. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம் என்றோம். அதே ஒப்பந்தப் புனிதம், விற்கும் முறை கிளப்புக்கு வந்தபோது எங்கே போயிற்று? வீரன் பாதியில் போனால் துரோகம், கிளப் பாதியில் அனுப்பினால் ஏவாரம். ஒரே தராசில் இரண்டு படிக்கல் வைத்திருப்பவனை எங்கள் ஊர் சந்தையில் வேறு பெயரால் கூப்பிடுவார்கள்.

"அப்படியானால் வீரன் வாழ்க்கையில் முன்னேறக் கூடாதா?" என்பது அடுத்த கேள்வி. கேட்பவரின் முகத்தில் ஒரு கருணை தெரியும். நெய்வேலிப் பையன் எட்வின், வருடக்கணக்கில் உழைத்து, பெரிய லீகில் ஆட வாய்ப்பு வரும்போது, கேலரியில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்காக அதை விடவேண்டுமா? விடவே கூடாது. கால்பந்துக்காரனின் தொழில்காலம் பத்துப் பன்னிரண்டு வருடம். முழங்கால் ஒருமுறை திரும்பினால் அதுவும் இல்லை. எட்வின் போன சென்னையின் எஃப்.சி., பட்டியலின் அடியில் கிடந்து, ஓவன் காயில் கோச்சாக வந்தபின் எழுந்து, அந்த மார்ச்சில் ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி வரைக்கும் போயிற்று. அவர் எடுத்த முடிவில் யாரும் குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கருணைக் கேள்வி வேறொரு வேலை செய்கிறது. வீரனை முன்னால் நிறுத்தி, பின்னால் கிளப்பும் லீகும் ஒளிந்துகொள்கின்றன. ரசிகனின் கோபம் வீரன் மீது என்று வைத்துக்கொண்டால் பதில் சொல்வது சுலபம். கோபம் அங்கே இல்லை. அதற்கு சாட்சி அதே கிளப்பின் வரலாறு. 2017-18-ல் இந்த அணியின் உயிராக இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். சீசன் முடிந்து, 2018 கோடையில், ஜாம்ஷெட்பூர் எஃப்.சி.க்குப் போனார். வருத்தம் இருந்தது, கொதிப்பு இல்லை. ஏனென்றால் ஆர்டர் முடிந்திருந்தது. அடுத்த சீசனுக்கு ஆள் தேட கிளப்புக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. தேடினார்கள்; ஸ்பெயினிலிருந்து மான்ஸியும் கோர்டில்லோவும் சாண்ட்ரோவும் எஸ்லாவாவும் வந்தார்கள்; கோப்பை வந்தது. சூசைராஜும் 2019-ல் இந்திய அணிக்கு ஆடிவிட்டார். எல்லோருக்கும் லாபமான விற்பனை எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை, இந்த ஸ்டேடியத்திலேயே நடந்திருக்கிறது. வித்தியாசம் தேதியில் இருக்கிறது. கோடையில் விற்றதற்கும் ஜனவரியில் விற்றதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ரசிகன் சொல்கிறான். அதைக் கேட்காமல் "ரசிகன் வீரனை அடிமையாக நினைக்கிறான்" என்று பிரசங்கம் செய்கிறார்கள்.

ஐரோப்பா உதாரணம் சொல்பவர்கள் அடுத்த வரிசை. "லிவர்பூல் 2018 ஜனவரியில் கொட்டினியோவை பார்சலோனாவுக்கு விற்கலையா? அந்த வருஷமே சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் போகலையா?" போனது. கொட்டினியோ விமானம் ஏறும் முன்பே வான் டைக் வந்து இறங்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதை முழுசாகும். முன்வரிசையில் சலாவும் ஃபிர்மினோவும் மானேயும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். கதையின் இன்னொரு முனை சவுத்தாம்ப்டன். வான் டைக்கை சீசன் நடுவில் கொடுத்த அந்த அணி கடைசியில் 17-வது இடத்தில், இறக்கத்துக்கு ஒரே ஒரு படி மேலே, தப்பிப் பிழைத்தது. வாங்கியவனின் வெற்றியைக் காட்டி விற்றவனுக்குப் புத்தி சொல்வது விசித்திரமான பழக்கம். கோவை அணி அந்தக் கதையில் லிவர்பூலா, சவுத்தாம்ப்டனா?

இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. அதை ஏனோ யாரும் எடுப்பதில்லை. 2019 தொடக்கத்தில் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல். ஐரோப்பாவில் விற்கத் தெரிந்த கிளப் என்று பட்டியல் போட்டால் பாசல் முன்வரிசையில் வரும். ராகிடிச், ஷகீரி, ஜாக்கா எல்லாம் அங்கிருந்து போனவர்கள். முகமது சலாவை 2012-ல் எகிப்திலிருந்து கொண்டுவந்து, 2014 ஜனவரியில், அதாவது சீசன் நடுவில், செல்சிக்கு விற்றது இதே பாசல்தான். விற்ற அந்த சீசனிலும் சுவிஸ் லீக் பட்டம் பாசலுக்கே. 2010 முதல் 2017 வரை வரிசையாக எட்டுப் பட்டம். அப்படியானால் என் வாதம் உடைந்துவிட்டதா?

உடையவில்லை, உறுதியாகிறது. பாசலில் ஒருவன் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவன் இடத்துக்கு அடுத்தவன் தயாராகிக்கொண்டிருப்பான். இளைஞர் அணியில் சிலர், ஆள் தேடுவோரின் குறிப்பேட்டில் சிலர். விற்ற காசு பயிற்சிக்கும் அடுத்த ஆளுக்கும் போகும். எனவே ஜனவரியில் ஒருவன் போனாலும் களத்தில் ஓட்டை விழாது. நான் முன்னே சொன்ன ஜாப் ஒர்க் ஏற்பாட்டை அவர்கள் முதலிலேயே செய்து வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டை இங்கே கொண்டுவருவார்கள் என்றுதான் பங்கு வாங்கியபோது கோவையில் நம்பினோம். இன்னொரு வேடிக்கை: இந்தியாவில் பணம் போட்டதைப் பாசல் ரசிகர்களும் விமர்சித்தார்கள். தங்கள் கிளப் தங்களைக் கேட்காமல் எங்கேயோ போகிறது என்பது அவர்கள் கோபம். 2021-ல் எதிர்ப்பு முற்றி, தலைவர் பெர்ன்ஹார்ட் பர்கனர் பங்குகளைக் கைமாற்றிவிட்டுப் போகவேண்டி வந்தது. ரைன் நதிக்கரையிலும் நொய்யல் கரையிலும் ஒரே காலத்தில் ஒரே புகார். அங்கே அது கிளப்பையே கைமாற்றியது. இங்கே அது அறியாமை என்று ஒதுக்கப்பட்டது.

"நஷ்டத்தில் ஓடும் கிளப், விற்காவிட்டால் மூடவேண்டியதுதான்" என்பதைத்தான் ஏவார வாதத்தின் பலமான பகுதியாக நினைக்கிறார்கள். விற்றார்கள். பிழைத்தார்களா? 2020-21 ஐ-லீக் கொரோனாவால் முழுக்க மேற்கு வங்கத்திலேயே நடந்தது. அதற்கடுத்த சீசனின் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருடம் நிறையும் முன் கோவையில் தேசிய அளவு கால்பந்து முடிந்துபோயிற்று. வீரரை விற்றதுதான் கிளப்பை முடித்தது என்று சொல்ல மாட்டேன், காரணங்கள் பல. ஆனால் வைத்தியம் என்று சொல்லி விற்ற மருந்து நோயாளியைக் காப்பாற்றவில்லை என்பது கண்முன்னே கிடக்கும்போது, அந்த மருந்தைத் திட்டியவனைப் பார்த்து இன்னும் பாடம் நடத்துவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

சரி, இது உண்மையில் சந்தைதானா? அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 2010-ல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 15 ஆண்டுகளுக்கான வணிக உரிமையை 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கூட்டுக்குக் கொடுத்தது. 2014-ல் ஐ.எஸ்.எல். பிறந்தது. 2019-20 முதல் அதுவே நாட்டின் முதல்நிலை லீக் என்று அறிவிக்கப்பட்டது. அதாவது சென்னை சிட்டி கோப்பை வாங்கிய சில மாதங்களில், அது வாங்கிய லீக் இரண்டாம் படிக்கு இறக்கப்பட்டது. ஜெயித்தவன் மேலே போக வழி? 2022-23-ல் ஜெயிப்பவரிலிருந்துதான். அந்த வருடம் பஞ்சாப் அணி ஜெயித்து மேலே போயிற்று. 2019-ல் ஜெயித்த கோவைக்கு மேலே கதவே இல்லை, சுவர்தான். கிடைத்த பெரிய பரிசு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. அதைக்கூட கோவையில் ஆட முடியாமல், அதே 2020 ஜனவரியில் அகமதாபாத்தில் ஆடி, பஹ்ரைனின் ரிஃபா கிளப்பிடம் 0-1 என்று தோற்றார்கள்.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஜனவரி விண்டோ எப்படி வேலை செய்யும் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். இரண்டு லீகும் ஒரே காலத்தில் நடந்தன. ஒன்றுக்குப் பணமும் தொலைக்காட்சியும் இருந்தன. மற்றதற்கு? 2018-19-ல் ஐ-லீகின் எல்லா ஆட்டங்களையும் ஒளிபரப்பக்கூட மறுத்தார்கள். கோப்பைக்குப் போட்டிபோடும் அணியின் ஆட்டத்தையே டிவியில் பார்க்க முடியாத நாட்கள் இருந்தன. மேலே இருப்பவனுக்கு ஆள் தேவைப்பட்டால் கீழே கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கீழே இருந்தவன் எத்தனை ஜெயித்தாலும் மேலே வர முடியாது. வாசல் ஒருபக்கம் மட்டும் திறக்கும் இடத்துக்குச் சந்தை என்று பெயர் வைத்தது யார்? விசைத்தறிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். நூல் விலையை ஒருவரும் துணி விலையை இன்னொருவரும் தீர்மானிக்கும்போது நடுவில் நிற்பவன் செய்வது ஏவாரமா என்று சோமனூர்க்காரர் தெளிவாகச் சொல்லுவார்.

ஆகவே எட்வின் போனதற்கும் மான்ஸி போனதற்கும் கிளப்பின் உரிமையாளரை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்பதும் எனக்குச் சம்மதமில்லை. கேலரியில் அந்தத் தவறும் நடந்தது. பெயர் சொல்லித் திட்டினார்கள், டில்லியில் இருக்கும் கூட்டமைப்பை மறந்தார்கள். ஜெயித்தாலும் உயர முடியாத லீகில் ஓர் உரிமையாளர் எத்தனை வருடம் கைக்காசு போடுவார் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் கூட்டமைப்பின் அலுவலகம். ரசிகனிடம் "ஏவாரத்தைப் புரிந்துகொள்" என்று சொல்வது அந்தக் கேள்வியை அங்கே போகவிடாமல் தடுக்கிறது. உரிமையாளரின் கஷ்டம் புரிந்தவர் என்றால் ரசிகனோடு சேர்ந்து டில்லியைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று பாக்கி: "கோயமுத்தூர்ல கால்பந்துக்கு ஏதுங்க ஆளு? இது கிரிக்கெட் ஊரு, இல்லாட்டிக் கார் ரேஸ் ஊரு." கார் ரேஸ் ஊர் என்பது வாஸ்தவம், நரேன் கார்த்திகேயன் வந்த ஊர்தான். ஆனால் ரயில்வே காலனிகளிலும் கல்லூரி மைதானங்களிலும் வால்பாறை எஸ்டேட்டுகளிலும் பந்து உதைத்தவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை தலைமுறை! பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றோடு கேரளத்துக் கால்பந்துப் பைத்தியமும் கொஞ்சம் வந்து சேர்ந்திருக்கிறது. வார நாளில் வேலை முடிந்தும் முடியாமலும் ஓடிவந்து கேலரியில் உட்கார்ந்தவர்கள் எங்கிருந்தோ வாடகைக்கு வந்தவர்களா? ரசிகன் முகத்தைப் பார்த்துத்தான் அணியோடு ஒட்டுகிறான். பக்கத்து வீட்டுப் பையன் மான்ஸியின் பெயரைச் சட்டை முதுகில் எழுதிக்கொண்டு திரிந்தான். பெயருக்குரியவர் பாதி சீசனில் போய்விட்டால் அந்தப் பையன் அடுத்த பெயரை எழுதத் தயங்குவான். கூட்டம் இல்லாததால் விற்றோம் என்பவர்கள் எது முன்னே, எது பின்னே என்று ஒருமுறை தேதி பார்த்து அடுக்கட்டும்.

வீரரை விற்க ரசிகனைக் கேட்டு ஓட்டெடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2025-ல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம்கூட மைதானம், சின்னம், சட்டை நிறம் போன்றவற்றில்தான் ரசிகனுக்குப் பேச உரிமை தருகிறது, விற்பனையில் தலையிடுவதில்லை. அது சரிதான். இருபதாயிரம் பேர் கூடி ஸ்ட்ரைக்கருக்கு விலை பேச முடியாது. கேட்பது சின்ன விஷயங்கள். முதல்நிலை லீகும் இரண்டாம் நிலை லீகும் ஒன்றாக ஓடும் நாட்டில், ஜனவரியில் கீழேயிருந்து மேலே ஒரு கிளப் இத்தனை பேருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கூட்டமைப்பு ஒரு வரி எழுதலாம். மாற்று ஆள் பதிவான பிறகுதான் முதல் ஆளை விடுவிக்கலாம் என்று இன்னொரு வரி. விற்ற தொகையில் இவ்வளவு உள்ளூர் பயிற்சிக்கு என்று கணக்குக் காட்டச் சொல்லலாம். வெளிநாட்டு விற்பனையில் வீரரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்கு 5 சதவீதம் பிரித்துத்தர ஃபிஃபாவே வழி வைத்திருக்கிறது. வளர்த்தவனுக்குப் பங்கு உண்டு என்ற கொள்கை ஏற்கெனவே இருக்கிறது; அதைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

இவற்றில் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும், நேரு ஸ்டேடியத்துக்கு என்றைக்காவது இன்னொரு கிளப் வரும். உரிமையாளர் மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார், சட்டை நிறம் அறிவிப்பார், கொங்கு மண் என்று இரண்டு வார்த்தை பேசுவார். அன்றைக்குக் கேலரிக்காரர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்கவேண்டாம். "ஏனுங்க, ஸ்ட்ரைக்கரோட ஒப்பந்தம் எந்த மாசம் முடியுது? ஜனவரியில யாராவது விலை கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு டிக்கெட் வாங்கட்டும்.